என் கையால் அடைத்த தோட்டா

ஆகஸ்ட் 27, செவ்வாய்

என் துப்பாக்கிக்கு இன்றும் தோட்டா இல்லை. நாற்பது மைல் வண்டி ஓட்டிப் போய், அலமாரியில் அதே காலி இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த அளவுத் தோட்டாவை இப்போது யாரும் கேட்பதில்லை என்றான் கடைக்காரன். கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போடுமாம், ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுமாம். யாரும் கேட்பதில்லையாம். ஜூன் மாதத்திலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேனே, நான் யார்?

புதுத் துப்பாக்கி வாங்கச் சொன்னான். புதியவை எல்லாம் தோளில் உதைக்கும். என் வலது தோளில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. உதைக்காமல், ஆனால் மான் விழும்படி சுடுவது என் பழைய துப்பாக்கி ஒன்றுதான். மான் வேட்டைப் பருவம் அக்டோபர் 26இல் தொடங்குகிறது. வீட்டில் இருப்பது நான்கு தோட்டா. குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவே மூன்று போய்விடும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வேறு வழியில்லாமல் லைமன் ஆஸ்டர்ஹவுட்டிடம் போனேன். நாற்பது வருஷமாகப் பக்கத்து நிலத்துக்காரன். தன் தோட்டாக்களைத் தானே கராஜில் அடைத்துக்கொள்கிறான். 2011இல் நின்றுகொண்டிருந்த எல்க் மானை நான் தவறவிட்டேன் என்று காப்பிக் கடை முழுவதும் சொன்னவனும் இவன்தான். அது நிற்கவில்லை. நடந்துகொண்டிருந்தது.

சுட்ட தோட்டாக்களின் பழைய பித்தளைக் கூடுகள் என்னிடம் இரண்டு டப்பா இருக்கின்றன, இருபது அடைத்துக் கொடு என்றேன். கேட்பதற்கு எனக்கு எவ்வளவு கசந்தது என்று அவனுக்குத் தெரியாது.

"முடியாது, ஆர்டிஸ். அடுத்தவன் அடைச்ச தோட்டாவ நான் சுடமாட்டேன், என் தோட்டாவ அடுத்தவனுக்குக் குடுக்கவும் மாட்டேன். சொந்தத் தம்பி கேட்டப்பவே குடுக்கல. வேணும்னா தோட்டா அடைக்கிற பழைய பிரஸ் ஒண்ணு சும்மா கிடக்கு. எடுத்துட்டுப் போய் நீயே அடைச்சுக்கோ."

நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே எல்லோரும் வைத்திருக்கும் வழக்கம்தான் அது, எனக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? மறுப்பு மறுப்புதானே.

செப்டம்பர் 1, ஞாயிறு

மகள் கார்லா சாப்பிட வந்திருந்தாள். மேஜையில் நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். தோட்டா அடைப்பது பற்றிய புத்தகம். முகம் மாறியது. தட்டுகளைக் கழுவி அடுக்கினாள்.

"அம்மா, அன்னிக்குக் கெட்டில் அடுப்புலயே உருகி ஒட்டிக்கிச்சு. நீ பக்கத்து ரூம்லதான் உக்காந்திருந்த. இப்போ வீட்டுக்குள்ள வெடிமருந்தா?"

மே மாதத்துக் கதை. குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், மறந்துவிட்டது. மனிதர்கள் மறப்பார்கள். அதற்காக ஜூனில் என்னைக் கேட்காமல் கிளினிக்கில் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு நாள் வாங்கினாள். நான் போன் செய்து ரத்து செய்தேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியிருக்கிறேன், பனியில், மலைப்பாதையில். ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் கிடையாது. வெல்டிங், கிளட்ச் மாற்றுவது, வரிப் படிவம் எல்லாம் புத்தகத்தைப் பார்த்து நானே கற்றவை. யாரும் எனக்குப் பரிசோதனை வைக்கத் தேவையில்லை.

அவள் போன பிறகு, கணவன் மெர்லிடம் என்ன நினைக்கிறான் என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? டிவியை அணைத்தான். அதுவே பெரிய விஷயம்.

"வெடிமருந்துக்கு நான் பயப்படல," என்றான்.

அப்புறம் படுக்கப் போய்விட்டான்.

செப்டம்பர் 2

பின்னே எதற்குப் பயப்படுகிறான்? தெரியாதது போல் எழுதுகிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மூன்று புத்தகம் படித்து முடித்தேன். வேலை கடினம் இல்லை. சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டுவர வேண்டும். அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு. உள்ளே அளந்த மருந்து. மேலே குண்டு. அவ்வளவுதான். ஆனால் மூன்று புத்தகங்களும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன: கவனம் தவறினால் துப்பாக்கி வெடிக்கும், வெடிப்பது உன் முகத்துக்குப் பக்கத்தில்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்கும் சந்தேகம் உண்டு. கெட்டில் மட்டும் இல்லை. ஜூலையில் தேவாலயத்து வாசலில் பிக்கப் வண்டியை அணைக்காமல் இறங்கிவிட்டேன். பிரசங்கம் முழுவதும் வண்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மெர்ல்தான் போய் அணைத்துவிட்டு வந்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நன்றாக இல்லை.

ஆகவே ஒரு முடிவு. ஐம்பது தோட்டா அடைப்பேன். ஒவ்வொன்றையும் எழுதி வைப்பேன், பிறகு நானே சோதிப்பேன். பிழை இல்லையென்றால் இந்த வேலையை எடுத்துக்கொள்கிறேன், கார்லாவும் வாயை மூட வேண்டும். பிழை இருந்தால் பிரஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் சொன்ன இடத்துக்குப் போகிறேன். கிளினிக்கில் யாரோ வைக்கிற பரிசோதனையைவிட இது நேர்மையானது.

செப்டம்பர் 9, திங்கள்

லைமனிடம் பிரஸ், தராசு, மற்ற சாமான்கள் வாங்கி வந்தேன். சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். புத்தகம் இருக்கிறது என்றேன்.

"மேஜை மேல ஒரே ஒரு மருந்து டப்பா. ரெண்டாவது டப்பா மேஜைக்கே வரக்கூடாது. அத மட்டும் கேட்டுக்கோ, மத்ததுக்கு உன் புத்தகம் போதும்."

அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 14, சனி

கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறையில் மேஜை போட்டேன். பிரஸ்ஸை நாலு போல்ட் போட்டு முறுக்கினேன். மெர்ல் தானாகவே ஒரு நல்ல விளக்கை மாட்டிக் கொடுத்தான்.

முதலில் பழக்கத்துக்குப் பத்து. ஒவ்வொரு அளவையும் தராசில் நிறுத்து, கூட்டில் கொட்டி, நோட்டில் ஒரு கோடு. பத்தும் முடிந்தபின் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். எல்லாம் ஒரே மட்டம். திரும்பக் கொட்டி நிறுத்தேன். எல்லாம் சரி. நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 17

புல்லில் முதல் உறைபனி. தக்காளிச் செடிகள் போயின.

செப்டம்பர் 21, சனி

ஐம்பது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். போனை மேலே விட்டுவிட்டேன். மெர்லிடம் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டேன். அவசரமே இல்லை. ஐம்பதிலும் மருந்து நிரப்பி, இருபதுக்குக் குண்டும் பொருத்திய பிறகு, மீதியில் ஐந்தை எடுத்துத் திரும்ப நிறுத்தேன்.

மூன்று தவறு. ஒன்றில் கூடுதல். இரண்டில் குறைவு. கொஞ்சம் இல்லை, கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவு.

எப்படி? ஒவ்வொண்ணையும் பாத்துத்தானே கொட்டினேன். முள்ளு நடுவுல நிக்குற வரைக்கும் காத்திருந்தேனே. நோட்டுல கோடு இருக்கே, ஐம்பது கோடு. கோடு போட்டது நான்தானே? பாத்ததா நினைச்சுக்கிட்டுப் பாக்காமலே கொட்டிட்டேனா? அப்படியும் நடக்குமா ஒரு ஆளுக்கு — செய்றது செய்யாதது தெரியாம?

மேலும் பத்து நிறுத்தேன். நாலு தவறு. அதற்கு மேல் நிறுக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். குண்டு பொருத்திய இருபதையும் பிரித்தேன். அதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு பிடுங்கி உண்டு. தோட்டாவை அதில் மாட்டித் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். இருபது தட்டு. மெர்ல் மாடிப்படியில் வந்து நின்றான். அலமாரி ஆணி சரிசெய்கிறேன் என்றேன்.

இன்றுவரை அவனிடம் நான் பொய் சொன்னதில்லை. ஒன்றிரண்டு உண்டு. இந்த மாதிரி இல்லை.

எழுபத்து நாலு வயது. என் அத்தைக்கு எழுபத்தாறில் ஆரம்பித்தது. கடைசியில் முள்கரண்டி எதற்கு என்று தெரியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சொன்ன சொல் சொல்தான். நாளை பிரஸ் திரும்பிப் போகிறது.

செப்டம்பர் 23, திங்கள்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பெட்டியோடு லைமன் கராஜுக்குப் போனேன். மணிக்கட்டு வலிக்கிறது, எனக்கு இது சரிப்படாது என்றேன்.

"மணிக்கட்டா? வெள்ளிக்கிழமை நீ வைக்கோல் கட்டு தூக்கிப் போட்டத நான் பாத்தேனே."

மேலே அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நானே சொல்லிவிட்டேன். ஐம்பது, ஐந்தில் மூன்று, பத்தில் நாலு, எல்லாம். உலகத்தில் நான் கடைசியாகச் சொல்ல வேண்டிய ஆள். பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

எனக்கு வயதாகிவிட்டது என்று அவன் சொல்லவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"தராச எங்க வச்சிருந்த?"

துணி துவைக்கும் அறையில் என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வண்டியை ஓட்டி வந்துவிட்டான்.

கீழே வந்து தராசைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னான். கழிவறைக் காகிதத்தில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, விளக்கிலிருந்து தராசுக்கு மேலே தொங்கவிட்டான். காகிதம் அசையாமல் தொங்கியது. ஒரு அளவு மருந்து நிறுத்தேன். சரி. இன்னொன்று. சரி. பிறகு படிப்பக்கம் போய், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரைக் கூட்டி வைக்கும்படி மெர்லிடம் கத்தினான். இருவரும் நின்றோம். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

"ஹீட்டர் ஓடுதே. கேக்கலையா உனக்கு?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காகிதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. மேஜைக்கு நேர் மேலே, கூரையில், சூடான காற்று வரும் துவாரம். நாற்பது வருஷமாக அந்த அறையில் துணி துவைக்கிறேன், ஒருநாள் அண்ணாந்து பார்த்ததில்லை. தராசுத் தட்டில் ஒரு சிட்டிகை மருந்து. அதன்மேல் காற்று, ஒருசமயம் அழுத்தும், ஒருசமயம் தூக்கும். முள் கீழே இறங்கி, நடுவில் நிற்பது போலவே நின்றது. பொய்யான நடுவில்.

முதல் பத்து அடைத்தபோது இன்னும் வெயில் நாட்கள், ஹீட்டர் ஓடவில்லை. ஐம்பது அடைத்தது உறைபனிக்குப் பிறகு. ஹீட்டர் தானாக ஓடும், தானாக நிற்கும். அது ஓடியபோது நிறுத்ததெல்லாம் தவறு, நின்றபோது நிறுத்ததெல்லாம் சரி. அவ்வளவுதான்.

துவைக்கும் எந்திரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். நான் சிரித்தேனா அழுதேனா என்பதை லைமன் காப்பிக் கடையில் சொல்லிக்கொள்ளட்டும், எனக்குக் கவலை இல்லை.

கிளம்பும்போது சொன்னான்: "முதல் வருஷம் நானும்தான், மீந்த மருந்த வேற டப்பால கொட்டிட்டேன். ரெண்டு வகையும் கலந்து, சுட லாயக்கில்லாம போச்சு. ரெண்டையும் கொண்டுபோய் புல்லுல உரமாத் தூவினேன். அந்தக் கோடையில ஊர்லயே என் வீட்டுப் புல்லுதான் பச்சை."

அவனுக்கு ஒரு முழு ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பினேன். எல்க் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

லைமன் சொல்கிறான் என்பதற்காக நம்பிவிட நான் தயாராக இல்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு ஒரே எடையை முப்பது முறை நிறுத்தேன். ஓடவிட்டு முப்பது முறை. அணைத்திருந்தபோது முப்பதும் சரி. ஓடியபோது பதினேழு தவறு. ஹீட்டர்தான்.

நேற்று ராத்திரி எட்டு மணிநேரம் தூங்கியிருக்கிறேன். எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 26, வியாழன்

ஒன்று உறுத்துகிறது. லைமனுக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை? மெர்லிடம் கேட்டேன், அந்த ஹீட்டர் சத்தம் போடுமா என்று. அவன் விசித்திரமாகப் பார்த்தான்.

"சரக்கு ரயில் மாதிரி போடும்."

கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். ஞாபகத்துக்கும் பாருங்கள், காதுக்கும் பாருங்கள், இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள் என்றேன். கார்லாவிடம் சொல்லவில்லை. மெர்லிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அலமாரி ஆணி உட்பட. அலமாரியில் ஆணியே கிடையாது என்று அவனுக்கு அப்போதே தெரியுமாம்.

அக்டோபர் 3, வியாழன்

டாக்டர் என் பேத்தி வயதுப் பெண். கடிகாரம் வரையச் சொன்னாள். விநாடி முள்ளையும் சேர்த்து வரைந்தேன். அது தேவையில்லை என்றாள். கடிகாரம் என்றால் இருக்கும் என்றேன். ஐந்து வார்த்தை சொல்லி, பிறகு கேட்டாள். முகம், வெல்வெட், கோயில், சாமந்தி, சிவப்பு. வீட்டுக்கு வந்து ராத்திரி எழுதுகிறேன், இப்போதும் ஐந்தும் இருக்கின்றன. மூளை வயதுக்குத் தேவையானதைவிட நன்றாகவே இருக்கிறது என்றாள். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். மூன்று முறை எடுத்துப் பார்த்தாயிற்று.

காதுதான் போயிருக்கிறது. இடது காது ரொம்பவே.

"சின்ன வயசுல காதுக்கு ஒண்ணும் போடாம நிறையச் சுட்டீங்களா?"

அப்போது யார் போட்டார்கள்? வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் குழல் பக்கம் இருக்கும், அதனால் அதுதான் முதலில் போகுமாம். கீச்சென்ற சத்தங்கள், ஓடும் எந்திரத்தின் மெல்லிய இரைச்சல் எல்லாம் எனக்கு வருஷக்கணக்காக எட்டவே இல்லை என்றாள். ஓடுகிற பிக்கப் என்ஜினா? ஆம். கெட்டில் விசிலா? ஆம், அதுவும்தான்.

சாயங்காலம் கார்லாவுக்குப் போன் செய்து தாளைப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அப்படித்தான் சொன்னாளா என்று ஒரு சந்தேகம், என் காதை இனி நம்ப முடியாதே.

"நான் உன்ன ரொம்பப் படுத்திட்டேன்மா," என்றாள்.

ஆமாம், படுத்தினாய் என்றேன். அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் பயந்ததில் அவள் தனியாக இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மூச்சு விடுவது சுலபமாக இருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

கார்லா கேட்டாள், அப்படியானால் தோட்டா அடைக்கப் போகிறாயா என்று. யோசிக்கிறேன் என்றேன். உண்மைதான், யோசிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு நாள் அதை ஒரு பரிசோதனையாகத்தான் பார்த்தேன். பரிசோதனை முடிந்துவிட்டது. தோட்டாகூட வேறு வழியில் வரலாம். மாநிலத்தின் மறுகோடியில் ஒரு கடையில் இரண்டு பெட்டி இருப்பதாகக் கார்லா தேடிப் பிடித்திருக்கிறாள். வாங்கித் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அப்படியானால் எனக்கு அது வேண்டுமா?

மத்தியானம் முழுவதும் இதையே நினைத்துக்கொண்டு வேலி ஓரம் நடந்தேன். அந்த முதல் பத்தை நினைத்தேன். ஒரு கூட்டை எடுப்பது, துடைப்பது, வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்ப்பது, அடுத்தது. பேருந்தை எடுக்குமுன் தினமும் காலையில் சுற்றி வருவேனே, டயர், கதவு, கண்ணாடி, விளக்கு, அந்த இருபது நிமிஷம் மாதிரி. யாரும் கூப்பிடாத இருபது நிமிஷம். ஓய்வு பெற்றபின் எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை.

வேண்டும். கார்லாவிடம் அந்தப் பெட்டிகளை வாங்காதே என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9

காதுக் கருவி வந்தது. எரிச்சல். காகிதம் மடித்தால் காடு எரிகிற சத்தம். மெர்ல் இவ்வளவு சத்தமாக மெல்லுவான் என்று ஐம்பத்திரண்டு வருஷம் தெரியாமல் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மேஜையைப் பின் அறைக்கு மாற்றினேன். மேலேயும் கீழேயும் துவாரம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். குளிர்ந்த அறை, கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது அடைத்தேன். குண்டு பொருத்துமுன் இருபதையும் திரும்ப நிறுத்தேன். இருபதும் சரி. பெட்டியின் மேல் தேதி, மருந்து, எடை எழுதி ஒட்ட வேண்டும், அடைத்தவர் பெயரும். பெயரைப் பேனாவால் எழுதினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

சுடும் மைதானத்துக்குப் போனோம். மெர்ல் அங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தானாகவே பிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டு வண்டியில் ஏறினான். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

காற்று இல்லை. மலையில் பாதிவரை பனி இறங்கியிருந்தது. கருவியைக் கழற்றிவிட்டுக் காதுக்கு மூடியைப் போட்டேன், இரண்டு காதுக்கும். முதல் தோட்டாவை உள்ளே ஏற்றினேன். கையால் அடைத்ததில் முதலாவது. அந்த நேரத்தில் கூட இருப்பவர்கள் வண்டிக்குப் பின்னால் போய் நிற்பது வழக்கம். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் லைமனுக்குப் பின்னால் அப்படி நின்றிருக்கிறேன். மெர்லைத் திரும்பிப் பார்த்து, பிக்கப்புக்குப் பின்னால் போ என்று கை காட்டினேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினான். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் வலது தோளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வந்து நின்றான். மேஜையில் ஒரு கையையும் ஊன்றிக்கொண்டான்.

சுட்டேன். தோளில் உதைக்கவே இல்லை. நூறு கஜத்தில் இருந்த குறிப்பலகையில், நடுவிலிருந்து இரண்டு விரல் இடதுபக்கம்.

மெர்ல் குனிந்து, புல்லில் விழுந்த கூட்டை எடுத்தான். இன்னும் சூடு ஆறவில்லை போலும், கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அடுத்தது," என்றான்.